மணி என்னாச்சு என்று அவள் கேட்டது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நாத்தனார் "மணி என்னாச்சு அண்ணி?" என்று கேட்டது உண்மையிலேயே மணியைத் தெரிந்துகொள்ளத்தானா? மூன்று வருடமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். அவள் ஊறவைத்த அவரை விதைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஈரோட்டில் பிதுக்குப் பருப்பு என்போம், மைசூர் வீட்டில் அதற்கு ஹிதகிபேளே என்று பெயர். நான் செல்போனில் ஒரு தொட்டிலின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு அது நேர் எதிரே. தலையை நிமிர்த்தினால் போதும், மணி தெரிந்துவிடும். அப்படியிருக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சொல்லச் சொல்வானேன்? ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். பிதுக்கும்போது தண்ணீர் தெறிக்கும் என்று எப்போதும் கழற்றிவிடுவாள், கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து இங்கேயே வீடு கட்டியவர். கணவருக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை, எனக்கும் அதே பக்கம் ஓர் அலுவலகத்தில். நாத்தனார் என்னைவிட நாலு வயது சின்னவள். கன்னடத்தில் சண்டை போடுவாள், கன்னடத்தில் கணக்குப் போடுவாள், என்னிடம் மட்டும் மெனக்கெட்டுத் தமிழில் பேசுவாள். நான் கர்ப்பமாக இருந்தபோது அவள்தான் என்னை மைசூர்த் தாய்மார்களின் இலவசப் பகிர்வு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். பிள்ளைகள் வளர்ந்து தேவைப்படாமல் போன பொருள்களைப் படம் எடுத்துப் போடுவார்கள், வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், விற்பனை கிடையாது. கல்யாணமே ஆகாதவளுக்கு அந்தக் குழுவில் என்ன வேலை என்று மாமியார் கேட்டால், "புதிர் சூப்பரா இருக்கும்மா" என்பாள்.

புதிர் என்று அவள் சொன்னது அப்போது எனக்கு விளங்கவில்லை. பாட்டில் கொதிக்கவைக்கும் கருவி ஒன்றை ஒருவர் போட்டிருந்தார். "எனக்கு வேண்டும், தயவுசெய்து" என்று எழுதிக் கைகூப்பும் படமும் போட்டேன். எனக்குக் கீழே எழுதியவர்களோ "வேண்டும். பாகற்காய்." "ப்ளீஸ், சேனைக்கிழங்கு." என்று எழுதினார்கள். ஏதோ காய்கறிக் குழுவின் செய்தி வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று நானும் "பாகற்காய்" என்று சேர்த்து எழுதினேன். கருவி வேறு யாருக்கோ போயிற்று. அடுத்து ஒரு மெத்தை, அதற்கடுத்து ஒரு கொசுவலை, எல்லாம் இப்படியே. எனக்கு மட்டும் யாரும் பதில்கூடப் போடவில்லை. என் எழுத்தில் மரியாதை குறைந்துவிட்டதோ, வெளியூர்க்காரி என்று ஒதுக்குகிறார்களோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவரிடம் சொன்னேன். "நமக்குப் பாகற்காய் பிடிக்குமே, அதைப் போய் ஏன் எழுதினே?" என்று கேட்டார். எனக்கு அதுவும் புரியவில்லை. அவர் என் போனை வாங்கி அந்தப் பதிவை முழுக்கப் படித்திருந்தார்.

நாத்தனாரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ தேவ்ரே! அண்ணி, அந்தப் போஸ்டை நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா?" படிக்கவில்லை. படம், பெயர், இடம், அவ்வளவுதான் பார்த்திருந்தேன். அளவும் நிறமும் எழுதியிருந்த பத்தியின் நடுவே, "இதுவரை படித்தவர்கள் உங்கள் வீட்டில் யாருக்குமே பிடிக்காத ஒரு காயின் பெயரை எழுதுங்கள், மேலே யாரும் எழுதாததாக இருக்கட்டும்" என்று ஒரு வரி ஒளிந்திருந்தது. எதைப் போட்டாலும் முதல் ஆளாகக் கேட்டு வாங்கிச் சந்தையில் விற்பவர்கள் சிலர் குழுவில் நுழைந்துவிட்டார்களாம். அவர்களுக்குப் படிக்கப் பொறுமை இருக்காது. அவர்களைக் கழிக்கத்தான் கொடுப்பவர்கள் பதிவுக்குள் எதையாவது ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். பாகற்காயைப் பார்த்து எழுதும் என்னைப் போன்றவர்களால், பிறகு விடையைத் தனிச் செய்தியில்தான் அனுப்ப வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதினால் விற்பவர்களும் படித்துவிடுவார்களே.

எழுதி வைக்க முடியாததைப் புதியவர்களுக்கு ஒவ்வொருவராகப் புரியவைப்பதுதான் நாத்தனார் அந்தக் குழுவில் எடுத்துக்கொண்டிருந்த பொறுப்பு. தன் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே வேலை. விடையை மட்டும் சொல்லவே மாட்டாள். "எந்த வரியை விட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள். எனக்கு அவள் கொடுத்த முதல் பயிற்சி ஒரு காலிப் பால் பாக்கெட். "தினம் வெட்டறீங்கல்ல? அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு பார்க்காம சொல்லுங்க." நிறத்தைத் தவிர எதுவும் சொல்லத் தெரியவில்லை. "ஹௌதா, அப்படியா? காலேஜ் படிச்சவங்க நீங்க!" என்று என்னை ஒரு வாரம் ஓட்டினாள். ஆனால் அந்த வாரத்திலிருந்துதான் நான் பிள்ளையின் மருந்துச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் ஓரம் விடாமல் படிக்கப் பழகினேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளுக்குப் பயத்தை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. அவளுக்கு நான் கடன்பட்டது இதற்குத்தான் அதிகம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

தொட்டில் விஷயம் அதற்குப் பிறகு. மகனுக்கு மூன்று மாதம். நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு மணிக்கட்டில் வலி, பிள்ளையைத் தோளில் போட்டு நெடுநேரம் தூங்கவைக்க முடியாது. காலால் ஆட்டும் மரத்தொட்டில் ஒன்று இருந்தால் போதும். ஆனால் கடையில் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் பிள்ளையைப் புதுத் தொட்டிலில் போடமாட்டார்கள், பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டுத் தொட்டிலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சொந்தத்தில் யாரிடமும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் குவெம்பு நகரிலிருந்து ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள் வளர்ந்த தேக்குத் தொட்டில் என்று ஐந்து படங்கள் போட்டார். இதுவும் போய்விட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று நான் மனதுக்குள் ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டேன்.

இந்தத் தடவை பதிவை முழுக்கப் படித்தேன். "என் சின்ன மகன் எழுந்துகொள்ளும் நேரத்தைச் சொல்பவருக்குத் தொட்டில்" என்று ஒரு வரி இருந்தது. மேலும் கீழுமாக எத்தனை முறை படித்தும் நேரம் எங்கேயும் இல்லை. நாத்தனாருக்கு விடை தெரியும். புதிர் அளவுக்கு மீறிக் கடினமாகிவிடக்கூடாது என்று கொடுப்பவர்கள் முன்கூட்டியே அவளிடம் காட்டிவிடுவார்கள். நான் அவளிடம் கேட்கவில்லை. "நம்ம ரூமுல இது கொள்ளுமா?" என்று மட்டும் கேட்டேன். அவள் அடுத்த விதையை எடுத்துப் பிதுக்கினாள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: "மணி என்னாச்சு அண்ணி? அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கணும்." திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். மறுபடி போனைப் பார்த்தபோது, தொட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரில் ஒரு கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்து படத்திலும் வெவ்வேறு நேரம். நாலு படத்தில் தொட்டிலுக்குள் ஒரு குட்டிப் பாதம் தெரிந்தது. ஒன்றில் மட்டும் தொட்டில் காலி, விரிப்பு கசங்கிக் கிடந்தது. அதில் மணி ஐந்து இருபது.

தொட்டில் எங்களுக்குக் கிடைத்தது. மகன் அதில் படுத்த முதல் நாளே மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, ஆட்டிக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினார். நான் வேலைக்குப் போனேன். பத்து நாள் கழித்துக் குழுவில் ஒருவர் எழுதினார்: "விடை தெரிந்தவர் வீட்டுக்கே தொட்டில் போயிருக்கிறது. ரொம்பச் சந்தோஷம்." நாத்தனார் போனை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணி, நீங்களேதானே கண்டுபிடிச்சீங்க?" நான் "ஆமா" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அன்று சாயந்திரம் பாத்திரம் துலக்கும்போதுதான் அவள் மணி கேட்டது நினைவுக்கு வந்தது. அதற்குள் அவள் குழுவில் எழுதிவிட்டாள்: "அண்ணி தானாகவே கண்டுபிடித்தார். ஆனால் எனக்கு விடை தெரிந்திருந்தது, தெரியும் என்பதைக் குழுவில் முன்பே சொல்லாதது என் தப்பு. இனி இந்தப் பொறுப்பில் இருக்க மாட்டேன். தொட்டிலைத் திருப்பிக் கேட்டால் தந்துவிடுகிறோம்." தொட்டில் கொடுத்த அம்மா, "அந்த வீட்டில் பிள்ளை நன்றாகத் தூங்குகிறதா? தூங்கினால் எழுப்பாதீர்கள்" என்று பதில் எழுதினார். அதோடு பேச்சு அடங்கியது. நாத்தனார் மட்டும் அந்தப் பொறுப்புக்குத் திரும்பவில்லை. சில மாதத்தில் சென்னைக்கு மாற்றலாகிப் போனாள்.

அவளிடம் ஒரே ஒரு தடவை, பஸ் ஏற்றிவிடப் போனபோது, அன்றைக்கு ஏன் மணி கேட்டாய் என்று கேட்டேன். "மணி கேட்டா மணி தெரிஞ்சுக்கத்தான் அண்ணி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னமும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். மாமியாரிடம் அன்று மாத்திரை நேரம் என்ன என்று விசாரித்தேன். "என்னைக்கோ முழுங்கின மாத்திரைக்கு இன்னிக்கு வந்து கணக்குக் கேக்கறியே" என்று விரட்டிவிட்டார்.

அவள் விலகிய பிறகு புதியவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. யாரும் நியமிக்காமலே நான் சொல்லத் தொடங்கினேன். சென்ற மாதம் கௌதள்ளியிலிருந்து வந்து ஹெப்பாள் பக்கம் குடியிருக்கும் ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி, குரல் செய்தி அனுப்பினாள்: "அக்கா, நானும் நாலு வாட்டி படிச்சுட்டேனுங்க, ஒண்ணும் புரியலீங்க." நான், "படத்தை இன்னொரு தடவை பாரும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. புதிர் படத்தில் இருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். விடை தெரிந்தவள் வாயைத் திறந்தாலே அதில் விடையின் வாசனை வந்துவிடுகிறது. நாத்தனார் வேண்டுமென்றே செய்திருந்தாலும், அறியாமல் செய்திருந்தாலும், ஒன்றுமே செய்யாமலிருந்திருந்தாலும், அவள்மேல் எனக்கு நன்றி குறையவில்லை. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

இப்போது அவள் மைசூருக்கே திரும்பி வருகிறாள். புதியவர்கள் பொறுப்பை மறுபடி ஏற்றுக்கொள்ள அவளுக்கு ஆசை என்று வீட்டில் சொன்னாள். குழுவைத் தொடங்கி நடத்தும் டீச்சருக்கும் விருப்பம்தான். ஆனால் அன்று சந்தேகப்பட்டவர் இன்னும் குழுவில் இருக்கிறார். அதனால் டீச்சர் எனக்கு எழுதியிருக்கிறார்: "தொட்டில் விஷயத்தில் உங்கள் நாத்தனார் உங்களுக்கு எதுவும் உணர்த்தவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், குழுவில் போட்டு முடித்துவிடலாம்." நான்கு நாளாகப் பதில் போடவில்லை. எழுதி வைத்திருப்பது இதுதான்:

"அவர் எனக்கு விடையைச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டார், அதற்குப் பிறகுதான் படத்திலிருந்த கடிகாரத்தைக் கவனித்தேன். புதியவர்களுக்கு உதவ அவரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை."

மூன்று வாக்கியமும் உண்மை. நடுவிலுள்ளதை எடுத்துவிட்டால் அவளுக்குப் பொறுப்பு நிச்சயம் கிடைக்கும். வைத்தால் கிடைக்காமல் போகலாம், அதுவும் என்னால். அவளிடமே மறுபடி கேட்டு எழுதலாம் என்றால், அவளை மூன்று வருடமாகச் சந்தேகித்தேன் என்று சொன்னதாகிவிடும். இதைப் படிக்கிறவர்களில் இப்படிப்பட்ட குழுக்களை நடத்தியவர்கள் இருக்கலாம், இல்லாவிட்டாலும் நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். சனிக்கிழமைக்குள் நான் டீச்சருக்குப் பதில் அனுப்ப வேண்டும். அந்த நடு வாக்கியத்தை வைக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா? சொல்லுங்கள்.