தையல் வெளியே தெரியும் சட்டை

தவழத் தொடங்கிய மகளின் முழங்காலில் கொப்புளங்கள் எழுந்தன. காய்ச்சல் இல்லையே என்று யோசித்தாலும், அம்மை போட்டிருக்கிறது, அம்மாள் வருத்தம்தான் என நம்பி வேப்பிலை பரப்பிக் கிடத்தினேன். வாவிக் காற்றில் இருவரும் கண்ணயர்ந்தோம். விழித்தபோது, இலை உரசிய அவள் முதுகில் புதிய கொப்புளங்கள் நீர்க்குமிழிகளாய் மினுங்கின.

பார்க்க வந்த கணவரின் அக்கா இலைகளை அள்ளி எறிந்தார்.

“இது அம்மாள் இல்லகா. தம்பிக்கும் சின்னனில உரசினாப் பொங்கும்.”

“ஏன் மச்சாள் முதலே சொல்லல்ல?”

“ஆறின கதையெண்டு நினைச்சன்.”

பரம்பரையாக வரும் தோல் நோய் என்றார் டொக்டர்.

இப்போது தையல் உரசாதபடி சட்டையை உட்புறம் வெளியே வர அணிவிக்கிறேன். அக்குளில் பிடித்துத் தூக்குவதில்லை, உள்ளங்கைகளில் ஏந்துகிறேன்.

“சட்டை மாறிக் கிடக்கு” என்பவர்களிடம், “ஓம், அவளுக்கு அதுதான் நேர்” என்கிறேன்.