மூன்றாவது தடவை நீட்டாத நோட்டு

கோவை விமான நிலைய வாசலில் பாதி நீண்டு, பிறகு வேறெதற்கோ நீட்டியது போல பேண்ட்டில் துடைத்துக்கொண்ட ஒரு கை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பார்த்தது. இன்னும் என்னை விடவில்லை.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் ஒருவர், இங்கே யாருக்கு எப்போது டிப்ஸ் கொடுப்பது மரியாதை என்று கேட்டார். அதுவரை பாஸ்போர்ட்கூட எடுத்திராத நான், உலகம் சுற்றியவன் தோரணையில் ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். கடைசி வரி: ‘ஒருமுறை வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள், எங்கள் ஊர்க்காரர்கள் மானஸ்தர்கள்.’ அந்த வரியின் அழகில் நானே இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் கார் ஓட்டியவர் எங்கள் கம்பெனி டிரைவர் அண்ணன், குண்டடத்துக்காரர். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போர்டு எழுத்து தெரியவில்லை. கிளம்பும் அன்று காலையில் என்னிடம் சொன்னார்: “வெள்ளக்காரரு போறப்ப ஏதாச்சும் குடுப்பாருங்க சார். ஞாயித்துக்கெழம கண்ணாடி வாங்கீரலாம்னு பாப்பாகிட்டச் சொல்லிப்போட்டனுங்க.”

வழியனுப்ப நானும் போயிருந்தேன். விமான நிலைய வாசலில் பையர் நோட்டை நீட்டினார். அண்ணன் பதறி, “அய்யோ, இருக்கட்டுங்க, வேண்டாங்க” என்றார். எங்கள் பக்கத்தில் முதல் மறுப்பு மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை நீட்டினால்தான் கை நீளும். பந்தியில் சோறு போடுவதுகூட அப்படித்தான். பையர் என்னைப் பார்த்தார், நான் எழுதிக் கொடுத்தது சரிதானே என்பது போல. தலையாட்டினேன். நோட்டு பர்ஸுக்குள் திரும்பியபோது அண்ணனின் கை பாதி நீண்டிருந்தது.

திரும்பும் வழியில் அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: “ஏனுங் சார், வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தங்களா?” அதில் கோபம்கூட இல்லை. என் பையில் பணம் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் என் அழகான வரி பொய்யாகிவிடும். அவினாசியில் யோசித்தேன், அனுப்பர்பாளையத்தில் யோசித்தேன், கம்பெனி கேட் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கண்ணாடி வாங்கினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.

பிற்பாடு நானும் வெளிநாடுகளுக்குப் போனேன். எங்கே போனாலும் மூன்று தடவை நீட்டுகிறேன். போன வருடம் டோக்கியோவில், மேஜையில் நான் டிப்ஸாக வைத்துவிட்டு வந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்க உணவகத்துப் பெண் தெருமுனைவரை ஓடிவந்தாள். நான் மறுபடி நீட்டினேன். தலைகுனிந்து மறுத்தாள். மூன்றாவது தடவையும் நீட்டினேன். மிரண்டுபோய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பாதியில் நின்ற கையை மடக்கி, மெல்ல பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன்.