ஒரு படகு அகல மணல்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். நேற்று சாயங்காலம் லாரி வந்து மணல் கொட்டிவிட்டுப் போனது. அதன் மேல் ஒரு சிறு தூறல். சன்னலைத் திறந்தேன். ஈர மணல் வாசனை நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்புதான் சமையலறையில், நான் நின்றது புதுச்சேரி வைத்திக்குப்பத்துக் கடற்கரையில்.

சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு அதுதான் முதல் வேலை. புதுச்சேரியில் ஒரு சின்ன சுற்றுச்சூழல் அமைப்பில் ‘இளைஞர் ஒருங்கிணைப்பாளர்’. பெயர்தான் நீளம். ஒரு சைக்கிள், பை நிறைய நோட்டீஸ், அவ்வளவுதான் மொத்த அலுவலகமும். பங்குனி ஆமைகள் கரையேறி இட்டுவிட்டுப் போகும் முட்டைகளைப் பாதுகாக்க வாருங்கள் என்று கல்லூரி கல்லூரியாக மேடையேறிப் பேசுவேன். பிரமாதமாகப் பேசுவதாக எனக்கு ஒரு நினைப்பு. வந்தவர்களில் பாதிப்பேர் காலையில் நான் கொடுத்த ரொட்டிக்காக வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ரொட்டிக் கிடங்கில் (பேக்கரிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்) சூடு ஆறுவதற்குள் வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோகும் நீள ரொட்டி. ஈர மணல், மீன், வெந்த மாவு, மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். இருபத்திரண்டு வயதுக்கென்று ஒரு வாசனை உண்டென்றால் எனக்கு அதுதான்.

ரொட்டி தீர்ந்த பிறகும் நின்றவன் அந்துவான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் ‘சொல்தா’. வீட்டில் பிரெஞ்சு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். படிப்பு முடிந்ததும் அவன் பாரீஸ் போவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. கலைவாணி அந்தக் குப்பத்துப் பெண். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். நாங்கள் சவுக்குக் கம்பு நட்டு, பழைய வலையைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டிருந்தபோது சண்டை போடத்தான் வந்தாள்.

"யாரக் கேட்டு இங்க வேலி போடுறீங்க? படகு நிறுத்தவே எடமில்ல, ஆமைக்கு வூடு கட்டுறீங்களா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து கரை வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வந்தது. ஆனால் முட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவள் (பந்துபோல இருக்கும், தொட்டால் தோல் மாதிரி மெத்தென்று) மறுநாளும் வந்தாள். அவளுடைய சித்தப்பாவைப் பிடித்து இடமும் வாங்கித் தந்தாள். "எம்படகு பக்கத்துல ஒரு படகு அகலம் எடுத்துக்கங்க. மூணு மாசம். அதுக்கு மேல ஆமையே வந்து கேட்டாலும் தரமாட்டேன்" என்றார் அவர்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விடியலில் கரையோரம் நடப்போம். ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் டிராக்டர் போன மாதிரி கிடக்கும். முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைப்போம். பிறகு வெயில் ஏறும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். அப்படிச் சும்மா உட்காரக் கடல் ஒன்றுதான் விடும்.

சித்திரையில் ஒரு மதியம். எங்கோ புயல் சின்னமாம். இங்கே வானம் பளிச்சென்று இருந்தது, கடல் மட்டும் ஏறியது. நாங்கள் மூவரும் வேலிக்குள் மண்டியிட்டு, குழிகளைக் கையால் தோண்ட ஆரம்பித்தோம். பத்தடி தள்ளி அலை சித்தப்பாவின் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் ஒற்றை ஆளாகத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். கலைவாணி எழுந்தாள்.

"விடுங்க. மொதல்ல படகு."

"முட்டை எல்லாம் போயிடும்!" என்று கத்தினான் அந்துவான்.

"படகு போச்சுன்னா எங்க வூட்ல சோறு போயிடும். வாடா!"

அவன் என்னைப் பார்த்தான், நான் சொல்லட்டும் என்று. மேடை மேடையாகப் பேசியவள், குழிக்குள் மறுபடி கையை விட்டேன். கலைவாணி ஓடினாள். என் கால்கள் என்னைக் கேட்காமல் அவள் பின்னால் போயின. கடைசியில் அவனும் வந்தான். நால்வரும் சேர்ந்து தள்ளித் தள்ளி, படகு ஒருவழியாக மேட்டில் ஏறியது. திரும்பி வந்தபோது கடல் பக்கத்துக் குழி வரிசை முழுக்கப் போயிருந்தது. நுரையில் முட்டைகள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன.

சித்தப்பா மூச்சு வாங்க, மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தார். மீதியிருந்ததைப் புரட்டாமல், ஒவ்வொன்றாக அதில் எடுத்துவைத்து, வலை சீர்செய்யும் கூடத்துக்குப் பின்னால் மணலில் புதைத்தோம். அந்துவான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், அப்புறம் வரவே இல்லை.

சில வாரம் கழித்து ஒரு மாலையில் கலைவாணி போன் செய்தாள். "அக்கா, மணலு அசையுதுக்கா. அவனையும் இட்டும் வா."

அந்துவான் வீட்டு வாசலில் நின்று அவனை அழைத்துக்கொண்டு போனேன். குஞ்சுகள் நிறைய இல்லை. அலைக்குத் தப்பியதிலும் பாதி பொரியவில்லை. பொரிந்தவை கட்டைவிரல் நீளத்தில், கறுப்பாக, எவரும் வழி சொல்லாமலே கடலைப் பார்த்து நடந்தன. ஒரு பொடிசு அந்துவானின் செருப்பில் முட்டி, சுற்றிக்கொண்டு போனது. கடைசிக் குஞ்சும் நுரையில் மறைந்த பிறகு, அவன் கலைவாணியைப் பார்க்காமல் சித்தப்பாவிடம் கேட்டான்:

"படகு நல்லாருக்கா?"

"அடியில ஒரு வெடிப்பு. ஒட்டிட்டேன். ஒரு நாளு வா, கடலுக்குக் கூட்டிம்போறேன்."

கலைவாணி அவன் முதுகில் ஒரு பிடி ஈர மணலை அப்பினாள். அவன் இரண்டு மொழியிலும் திட்டினான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு கல் வந்தது. லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் காப்பாற்றினார்கள். கரைதான் இல்லாமல் போயிற்று. சித்தப்பா படகைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அந்துவான் பாரீஸில் இருக்கிறான், முடி கொட்டிவிட்டது. நான் வேலை வேலையாக மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். கலைவாணி கருவடிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன பங்குனியில் ஊருக்குப் போனபோது இருவரும் அந்தக் கற்கள் மேல் ஏறி நின்றோம்.

பெண் ஆமை தான் பிறந்த கரையைத் தேடித்தான் முட்டையிட வரும் என்பார்கள். அன்று போனதில் ஒன்று பிழைத்திருந்தாலும், அதற்கு இப்போது தாயாகும் வயது.

"வந்திருக்குமாக்கா?" என்றாள்.

"வந்திருக்கலாம்."

"வந்து, எங்க ஏறியிருக்கும்?"

கண்ணுக்கு மேல் கை வைத்து, வடக்கே கல் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.