துருக்கி அந்தோணியின் ஞானஸ்நானம்

ஈரத் தவிடும் கோழி எச்சமும் கலந்த நெடி எங்காவது அடித்தால், நான் ஒரு வான்கோழிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் என்பது நினைவுக்கு வந்து காது சூடாகிவிடும்.

எண்பதுகளின் நடுவில், சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், அப்பா கிறிஸ்துமஸ் பிரியாணிக்காக ஒரு வான்கோழி வளர்த்தார். தொழிற்சாலை நண்பர்களை விருந்துக்குக் கூப்பிட்டும் விட்டார். அதற்குத் தீனி வைப்பது என் வேலை என்பதால், டிசம்பர் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், சாகக் கிடப்பவருக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றார்கள். சாகக் கிடப்பவர் மனிதராக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே!

பெயர்தான் சிக்கல். துருக்கி வியாபாரிகள் கொண்டுவந்த பறவை என்று நினைத்து வெள்ளைக்காரன் அதற்கு 'டர்க்கி' என அந்த நாட்டின் பெயரையே வைத்துவிட்டான் என்று பள்ளிப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். 'நினைத்து' என்பதைக் கவனிக்காத நான், ஊர்ப் பெயரோடு புனிதர் பெயரையும் சேர்த்து, 'துருக்கி அந்தோணி' என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தேன். அதை அறுக்க வந்து நின்ற பக்கத்து வீட்டு ஏழுமலை மாமாவையே 'ஞானத்தகப்பன்' என்றும் அறிவித்தேன்.

மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா அண்ணாத்தே, உன் புள்ள என்னை வான்கோழிக்கு அப்பனாக்கிட்டான். புள்ள கழுத்துலயே கத்திய வெக்கச் சொல்றியா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "சாமி பேரு வெச்சத என் ஊட்ல ஆக்க மாட்டேன்" என்று அம்மா முடித்துவிட்டாள். நண்பர்கள் ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டார்கள். அந்தோணி தெருவில் போவோர் வருவோரையெல்லாம் அதட்டிக்கொண்டு வயதாகித்தான் செத்தது.

பறவைக்குச் சொந்த ஊர் அமெரிக்கா என்பதும், துருக்கிக்காரர்கள் அதை இந்தியாவின் ஆள் என்று எண்ணி 'ஹிந்தி' என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. ஒவ்வொரு தேசமும் அடுத்த வீட்டைக் கைகாட்டியிருக்கிறது; காட்ட வீடு கிடைக்காமல் நாம் வானத்தைக் காட்டிவிட்டோம் போலும்.

அந்தப் பின்புறம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம். அப்பாவும் ஏழுமலை மாமாவும் இல்லை. ஒரு சிறுவனின் கோணல் வேதத்துக்கு மதிப்புக் கொடுத்து மூன்று பெரியவர்கள் விருந்தையே மாற்றினார்களே என்ற நன்றி மட்டும் அப்படியே இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் அதைத் தழுதழுக்கச் சொன்னேன். அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"அட போடா, அதுல கறி எங்க இருந்துச்சு? கூப்ட்டவங்களுக்குக் காணாதேன்னு நானே முழிச்சிகினு இருந்தேன். நல்ல நேரத்துல வந்து தண்ணி ஊத்தின."