தல்லாகுளத்துத் தாடை டாக்டர்

நோயாளியை வாய் திறக்கச் சொல்லிவிட்டு, காலால் பலகையைத் துழாவுவார் டாக்டர் தேவிகா. ஆள் குள்ளம். நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் மேல்தாடையின் கடைசிப் பல் அவருக்கு எட்டாது. அதற்கென்றே ஆசாரியிடம் சொல்லிச் செய்த பலகை. ஏறி நின்றதும், வாய்க்குள் பார்க்கும் கண்ணாடிக் குச்சியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டுவார். "வலிக்குதாண்ணே? இது? சரி, இது?"

மதுரை தல்லாகுளத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது கிளினிக். பல் பிடுங்கத்தான் கூட்டம் வரும். அவர் படித்ததோ முகத்தெலும்பு அறுவை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அறுவை நடக்கும்போது அந்த மொழியில்தான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். நர்ஸ் அழகம்மாளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. "அவுக முணுமுணுத்தா எல்லாம் நல்லாப் போகுதுன்னு அர்த்தம். சத்தத்தைக் காணோம்னாத்தான் நான் பயப்படணும்."

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் விளாங்குடிக்கு அப்பாலிருந்து ஒரு விவசாயி வந்தார். பெயர் விருமாண்டி. வேறெங்கோ பல் பிடுங்கி மாதக்கணக்காகியும் புண் ஆறவில்லை. கன்னம் மரத்துப்போயிருந்தது. வாயைத் திறந்தால் துர்நாற்றம். புற்றுநோய் என்று யாரோ சொல்லிவிட, மனைவி முத்துத்தாய் அழுது ஓய்ந்த முகத்தோடு நின்றார்.

பலகையில் ஏறிய தேவிகா ஒரு பல்லை அசைத்தார். பக்கத்துப் பற்களும் சேர்ந்து அசைந்தன. பல் ஆடவில்லை, அதைத் தாங்கும் எலும்பே ஆடுகிறது. அண்ணத்தில் ஓரிடத்தில் எலும்பு சாம்பல் நிறத்தில் வெளியே தெரிந்தது.

"சுகர் இருக்காண்ணே?"

"எனக்கா? காட்டுல வேலை செய்யிற உடம்பு டாக்டரம்மா, அதெல்லாம் கிட்ட வராது."

"பொய்யி," என்றார் முத்துத்தாய். "குடுத்த மாத்திரையைப் பூராம் வாய்க்கால்ல வீசுன மனுசன்."

தேவிகா எலும்பில் துணுக்கெடுத்து இரண்டு குப்பிகளில் போட்டார். ஒன்றில் திசுவைக் கெடாமல் வைக்கும் மருந்து. மற்றதில் வெறும் உப்புநீர். "பூஞ்சையா இருந்தா வளத்துப் பாத்துத்தான் பேரைக் கண்டுபிடிக்கணும். மருந்துல போட்டா அது செத்துரும்." உப்புநீர்க் குப்பியை யாரிடமும் கொடுத்தனுப்பாமல், தானே ஸ்கூட்டியில் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டு போனார்.

புற்றுநோய் இல்லை. பூஞ்சைதான்.

"பழைய ரொட்டியில கருப்பாப் பூக்குமே, அந்தச் சாதி," என்று விளக்கினார். "எல்லார் மூக்குக்குள்ளயும் காத்தோட போய்ட்டுதான் வருது. சர்க்கரை ஏறிக் கெடக்குற உடம்புன்னா அங்கனயே குடியேறிரும்."

செத்த எலும்பை எடுத்தாக வேண்டும். இடப்பக்க மேல்தாடையில் பெரும்பகுதி போகும் என்றதும் விருமாண்டி எழுந்துவிட்டார். "வாய்க்கால் தண்ணிக்கு ஊருக்காக ஆபீசரோட மல்லுக்கட்டுற வாயி இது. இதைப் போயி அறுக்கவா?"

தேவிகா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தா, இது கண்ணுக்குழி. பூஞ்சை அதுக்கு அடியில வந்து நிக்கிது. அங்க ஏறுனா அடுத்து மூளைதான். வாயை நான் திருப்பித் தாரேண்ணே. கண்ணைத் தர எனக்குத் தெரியாது."

விருமாண்டி மனைவியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, சர்க்கரையை இறக்கி, அறுவையை முடித்தார்கள். அன்று முணுமுணுப்பு நிற்கவேயில்லை என்று அழகம்மாள் சொல்வார். அறுவையைவிடக் கொடுமை பூஞ்சைக்கான மருந்துதான். சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும்போது உடம்பு தூக்கிப் போடும். "மார்கழி மாசம் கெணத்துக்குள்ள எறக்கிவிட்ட மாதிரி இருக்கு டாக்டரம்மா!" என்று பல் கிட்டிக்கக் குழறிக் கத்துவார் விருமாண்டி. தேவிகா சொட்டைக் குறைத்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்தி, நடுக்கம் அடங்கும்வரை கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மருந்தைத் தொடர்ந்தார்.

பூஞ்சை ஒழிந்தது. கண் பிழைத்தது. ஆனால் அண்ணத்தில் ஓட்டை. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. பேசினால் சொல் காற்றாய்ப் போனது. விருமாண்டி பேச்சையே விட்டுவிட்டார். கேட்டதற்கெல்லாம் முத்துத்தாய்தான் பதில் சொன்னார். விருமாண்டி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

ஓட்டையை அடைக்கப் பல்லோடு சேர்ந்த ஒரு பிளேட் செய்தார் தேவிகா. ஒழுகியது. மறுபடி அளவெடுத்தார். அதுவும் ஓரத்தில் கசிந்தது. "நாந்தான் சரியாச் செய்யலண்ணே, கோவிச்சுக்காதீக," என்று கழற்றி, தானே உட்கார்ந்து ராவினார். பிளேட்டின் ரோஸ் நிறத் தூள் அவர் கண்ணிமையெல்லாம் படிந்திருந்தது.

மறுபடி மாட்டினார். பலகையில் ஏறி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, விருமாண்டியின் மூக்குக்குக் கீழே தன் உள்ளங்கையை ஏந்திக்கொண்டார். விருமாண்டி பயந்து பயந்து ஒரு வாய் குடித்தார். அடுத்த வாய். டம்ளர் காலியானது.

"எறங்கிருச்சு டாக்டரம்மா," என்றார் விருமாண்டி. கரகரப்புத்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

தேவிகா உள்ளங்கையைத் தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பலகையிலிருந்து இறங்கி, அந்தக் கையை முத்துத்தாயிடம் நீட்டினார், ஈரமில்லை என்று அவரும் தொட்டுப் பார்த்துக்கொள்வதற்காக.