மாப்பிள்ளையை அடிக்கலாமா?

போன வாரம் என் தம்பி வீட்டில் தலை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளையப்பம் தின்று, எல்லாரும் ஹாலில் கூடியிருக்கிறோம். டிவிக்கு எதிரே மாமனாராகிவிட்ட என் தம்பியும் அவன் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் இரண்டு தடியர்கள் முஷ்டியை மடக்கிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். "ஃபைட்" என்று டிவி கத்துகிறது.

ஒருவரும் அடிக்கவில்லை.

கன்ட்ரோலர் வேலை செய்யவில்லையோ என்று நினைத்தேன். அதெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு தடியர்களும் நகர்ந்தார்கள் — பின்பக்கமாக!

"நீங்க அடிங்க மாப்பிள்ளை."

"இல்ல மாமா, நீங்க அடிங்க."

"பரவால்ல, மொதல்ல நீங்க..."

திரையின் இரண்டு ஓரத்திலும் முதுகு முட்ட இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். மேலே கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சண்டை கேமை இவ்வளவு மரியாதையாக ஆடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

என் தம்பி தாமோதரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பலூரில் சின்னதாக ஓர் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறான். வயது ஐம்பதை நெருங்குகிறது. இந்த வயதில் மற்ற ஆண்கள் நிலம் பார்ப்பார்கள், சுகர் பார்ப்பார்கள். இவன் பார்ப்பது சண்டை கேம். அதுவும் ஒரே கேம்... கல்லூரிக் காலத்தில் பிடித்தது, இன்னும் விடவில்லை.

அதன் ஜப்பான் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் 'அடிதடி' என்றே வைத்துவிட்டோம். இதுவரை எட்டு பாகம் வந்திருக்கிறது. நான் ஒன்றைக்கூட ஆடியதில்லை. ஆனால் எட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அக்காவாகப் பிறந்துவிட்டால் வேறு வழி?

முதல் பாகம் வந்தபோது தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை இருந்தது. தம்பி பாதி நாள் அங்கேதான். சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனால் நானும் எட்டிப் பார்ப்பேன். எல்லா வீரர்களுக்கும் ஒரே மூஞ்சி — சட்டைக் கலர்தான் வேறு. எங்கே அடித்தாலும் ஒரே "ஹா". அதில் இடுப்பில் மஞ்சள் துண்டு கட்டிய ஒருவன் மேல் தம்பிக்கு உயிர். அன்றிலிருந்து வேறு ஆளை அவன் தொட்டதே இல்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை உறுதியாக இருந்தானா என்று அவன் பெண்டாட்டி ருக்மணியைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் பாகத்தில் எல்லாருக்கும் முதுகு முளைத்தது. அதாவது, ஆளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். மூஞ்சி மட்டும் அட்டைப்பெட்டிக்குக் கண் மூக்கு வரைந்த மாதிரி சதுரமாக இருக்கும். "தத்ரூபமா இருக்குல்லக்கா?" என்று பூரித்துப் போனான். பிற்பாடு இவன் அட்டைப்பெட்டித் தொழிலுக்கே போனதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

நான்காம் பாகத்தில் தலைமுடி காற்றில் ஆடியது. தம்பி அதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அப்போதுதான் கொட்ட ஆரம்பித்திருந்தது.

ஐந்தாம் பாகத்தில் கதை வந்தது. அதுவரை இவர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது காரணம் சொன்னார்கள்: பங்காளித் தகராறு! தாத்தா விட்டுப்போன பயிற்சிக்கூடம் பெரியவன் மகனுக்கா, சின்னவன் மகனுக்கா? இதற்கா ஒரு பெரிய கம்பெனி உட்கார்ந்து யோசித்தது? எங்கள் பக்கம் ஏதாவது ஒரு கோர்ட் வாசலில் அரை மணி நேரம் நின்றிருந்தால் இன்னும் பத்து பாகத்துக்குக் கதை கிடைத்திருக்கும்.

ஆறில் இன்டர்நெட் வந்தது. தம்பி கப்பலூரிலிருந்து வந்து கைலிக்கு மாறிக்கொண்டு, கொரியாக்காரனிடமும் பிரேசில்காரனிடமும் அடி வாங்கினான். ஏழில் வீரர்களுக்கு விதவிதமாக டிரஸ் மாட்டிவிடலாம். இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தது எட்டு. இதில் வேர்வை தெரிகிறது, நரம்பு தெரிகிறது. மஞ்சள் துண்டுக்காரனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. "அவனுக்கும் வயசாயிருச்சுக்கா" என்று தம்பி தன் காதோரத்தைத் தடவிக்கொண்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்... பாவமாகவும் இருந்தது.

ஆனால் எட்டு பாகத்திலும் மாறாத ஒன்று உண்டு. முதல் ரவுண்டில் என்னதான் அடி வாங்கினாலும், இரண்டாவது ரவுண்டு தொடங்கும்போது இரண்டு பேருக்கும் உயிர் மிச்சத்தைக் காட்டும் கோடு முழுசாக நிரம்பிவிடும். பழைய கணக்கே கிடையாது. இதை யோசித்த ஜப்பான்காரருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்!

சரி, தலை தீபாவளிக்கு வருவோம்.

தம்பிக்கு ஒரே மகள், நிவேதா. அவள் பிறந்த வருடம்தான் மூன்றாம் பாகம். கை கன்ட்ரோலரைப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் அப்பனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சென்னையில் வேலை கிடைத்துப் போனாள். அந்த ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் வேலை செய்கிறவர்கள் ஆட கேம் மெஷின் வைத்திருக்கிறார்கள். அங்கே 'அடிதடி'யில் இவளை ஒருத்தன் தோற்கடித்தான். பெயர் விஜயபாண்டி. டி. கல்லுப்பட்டிப் பக்கம் கிராமம், விவசாயக் குடும்பம். தோற்ற பெண் அவனையே கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள்.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள். வேறு மொழி, வேறு சாதி. தம்பி இரண்டு வருடம் 'முடியாது' என்றான். மகள் வேறு யாரையும் பார்க்க மாட்டேன் என்றாள். கடைசியில் போன ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு தம்பி கோபத்தையெல்லாம் காட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைக் காட்டினான் — மரியாதை.

"வாங்க மாப்பிள்ளை." "சாப்பிட்டீங்களா?" "ஃபேனக் கூட்டி வைக்கவா?" அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பாண்டியும் "இருக்கட்டும் மாமா" என்று சோபா நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் உள்ளே வந்ததும் நாங்கள் அத்தனை பேரும் பாதி வாக்கியத்தில் சௌராஷ்டிராவை விட்டுத் தமிழுக்குத் தாவுவோம், நல்ல எண்ணத்தில்தான். தன்னால் எல்லாருக்கும் சிரமம் என்று அந்தப் பையன் இன்னும் நுனிக்கு நகர்வான்.

தீபாவளிக்கு முதல் நாள் அடுப்படியில் நிவேதா என்னிடம் சொன்னாள். "அத்தை, அப்பா இவரத் திட்டிட்டாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும். கலெக்டர் வந்த மாதிரி நடத்துனா எம்புட்டு நாளைக்கு இந்த வீட்டுக்கு வருவாரு? அவரு வராம நான் மட்டும் எப்படி வந்து நிக்கிறது?" கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதற்காகத்தான் எட்டாம் பாகத்தை வாங்கி வந்திருந்தாள். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும்?

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களை அவள் கணக்கில் எடுக்கவில்லை. காலையில் ருக்மணி தம்பியை ஓரமாகக் கூட்டிப் போய், "தல தீபாவளி... மாப்பிள்ளைய ஜெயிச்சுத் தொலைச்சுறாதீங்க, அவங்க ஆளுக என்ன நெனப்பாங்க?" என்றாள். அதே நேரம் பாண்டிக்கு அவன் அம்மா போன் போட்டு, "மாமனார் வீட்ல அவரயே தோக்கடிச்சுப்புடாதய்யா, மரியாத இல்ல" என்றிருக்கிறார். இது நிவேதா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால்தான் முதல் ரவுண்டு அப்படிப் போனது. நேரம் முடிந்து, டிரா. இரண்டாவது ரவுண்டில் தம்பி அடி வாங்கியே தீருவது என்று மஞ்சள் துண்டுக்காரனைக் கொண்டுபோய் எதிராளிமேல் உரசினான். பாண்டியின் ஆள் தலைக்கு மேல் தாவி அந்தப் பக்கம் ஓடினான். அங்கேயும் இவன் துரத்திக்கொண்டு போய் உரசினான். மறுபடியும் டிரா. நிவேதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ரவுண்டிலும் தம்பி அதே வேலையைத்தான் செய்தான். பாண்டி விலகப் பார்த்து எதையோ அழுத்த, மஞ்சள் துண்டுக்காரன் தொப்பென்று விழுந்தான். அதோடு விட்டிருக்கலாம். ஹாஸ்டல் காலத்துப் பழக்கம்... பாண்டியின் விரல் தானாகவே அடுத்த பட்டனுக்குப் போய்விட்டது. கீழே கிடந்தவனின் நெஞ்சில் ஏறி ஒரு மிதி.

"டேய்!" என்று கத்தினான் தம்பி.

ருக்மணி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"விழுந்தவன மிதிக்கிற? எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது இத?"

தலை தீபாவளி. புது மாப்பிள்ளை. 'டா'.

தம்பியின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: எதிராளி விழுந்தால் அவன் எழும்வரை தள்ளி நிற்க வேண்டும். கேமில் அப்படி ஒன்றும் கிடையாது. தெற்கு மாசி வீதிப் பயல்கள் தாங்களாகப் போட்டுக்கொண்டது. மீறினால் அப்புறம் யாரும் கூட ஆட மாட்டார்கள். அதை உலகச் சட்டம் என்று என் தம்பி எட்டு பாகமாக நம்பிக்கொண்டிருக்கிறான். கொரியாவிடம் ஏன் அப்படி அடி வாங்கினான் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

பாண்டியின் முகம் சிவந்துவிட்டது. "மொத பாகத்துலேருந்தே விழுந்தவன அடிக்கலாம் மாமா. ஆறாம் பாகத்துல அதுக்குன்னே தனி பட்டன் குடுத்திருக்கான்."

"பட்டன் குடுத்தா மிதிச்சிருவியா? ஒரு நியாயம் வேணாம்?"

"நியாயமா?" பாண்டி கன்ட்ரோலரை மடியில் வைத்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒங்களப் பாத்துப் பேசணும்னு கம்பெனிக்கு வந்தேன் மாமா. காலைலேருந்து அட்டப்பெட்டிக்கு நடுவுல என்னைய நிக்க வச்சிட்டுப் பின்வாசல் வழியாப் போயிட்டீங்க. ஒருக்கா இல்ல, ரெண்டு வாட்டி. அப்ப எங்க போச்சு நியாயம்?"

தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

என் தம்பி வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அன்றும் வரவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

"ரெண்டாவது வாட்டி பின்வாசல்ல போகல" என்றான், டிவியைப் பார்த்தபடியே. "கக்கூஸ்ல இருந்தேன்."

"என்ன மாமா?"

"நீ போயிருவன்னு பாத்தேன். நீ போற வழியாக் காணோம். அந்த நாத்தத்துல நானும் எம்புட்டு நேரம்டா நிக்கிறது? ஒனக்காவது காத்து வந்துச்சு."

முதலில் சிரித்தது நிவேதா. பிறகு ருக்மணி, கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு. பாண்டி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துச் சிரித்து சோபாவில் சாய்ந்தேவிட்டான். அந்த வீட்டு சோபாவில் அவன் முதுகு பட்டது அன்றைக்குத்தான்.

"சரி, எடு கன்ட்ரோலர" என்றான் தம்பி. "விட்டுக் குடுத்தன்னு தெரிஞ்சுச்சு... அப்புறம் நடக்குறதே வேற."

"நீங்களும் விட்டுக் குடுக்கக் கூடாது மாமா."

"நான் எதுக்குடா விட்டுக் குடுக்கப் போறேன்?"

அதற்கப்புறம் நடந்ததுதான் சண்டை. விழுந்தவனை மிதிக்கலாமா கூடாதா என்று பேரம் பேசி, ஒரே ஒரு மிதி என்று முடிவானது. தம்பி அடி வாங்கும்போதெல்லாம் சௌராஷ்டிராவில் வசவு பொழிந்தான். பாண்டி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டான். நிவேதா சொல்ல மறுத்துவிட்டாள், நானும் இங்கே எழுதப் போவதில்லை. பாண்டிதான் அதிகம் ஜெயித்தான். தம்பி கன்ட்ரோலரைக் குறை சொன்னான், டிவியைக் குறை சொன்னான், எட்டாம் பாகத்தையே குறை சொன்னான். மட்டன் குழம்பு இரண்டு தடவை சூடாக்கியும் யாரும் எழுந்து வரவில்லை.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? புது உறவு வந்தால் புது சோபாவின் பிளாஸ்டிக் கவரைக் கிழிக்காமலே உட்காருகிற மாதிரி, மரியாதையைப் போர்த்திக்கொண்டே பழகுகிறோம். வேர்க்கும், வழுக்கும், எழுந்தால் சத்தம் போடும். ஆனால் கிழிக்க மனசு வராது. யாராவது ஒரு நாள் மறந்துபோய்க் கிழித்தால்தான் உண்டு.

சாயங்காலம் பிள்ளைகள் டி. கல்லுப்பட்டிக்குக் கிளம்பினார்கள், அங்கேயும் ஒரு வேளை சாப்பிட வேண்டுமே. தாம்பூலத் தட்டு, பலகாரக் கூடை, ஆரத்தி என்று ருக்மணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறாள். வழியனுப்ப வேண்டிய மாமனாரைக் காணோம். உள்ளே தனியாக உட்கார்ந்து அந்த மிதியைப் பழகிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, வாரேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு, பாண்டி ஹால் வரை திரும்பிப் போனான்.

"மாமா, வாரோம்."

தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம்... போறப்ப கேட்டச் சாத்திட்டுப் போடா. மாடு உள்ள வந்துரும்."

ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள். பாண்டி வாயெல்லாம் பல்லாகப் போய், கேட்டை இழுத்துச் சாத்தி, கொக்கியையும் போட்டான்.

தலை தீபாவளி மாப்பிள்ளைக்கு எங்கள் தெருவில் இதைவிடப் பெரிய சீர் யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.