பச்சை ஒயரில் வந்த பாஸ்

வலியசாலையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பெட்டி இருக்கிறது. பழைய அலமாரிக் கதவுகளை அறுத்து நானே செய்த ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு பெரிசு. இதை ஹாலில் வைக்க என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். நவராத்திரிக்கு வருகிறவர்களில் ஒருவராவது சத்தம் நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெட்டி மச்சுக்குப் போய்விடும், அதில் அவள் அரிசி கொட்டி வைப்பாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கிழக்கேகோட்டையில் தேடி நான் வாங்கியிருந்த ஊஃபர் சாதாரணமானதல்ல. சத்தம் எழுப்புகிற ஒரே காகிதக் கூம்பை அசைக்க அதில் இரண்டு காயில்கள். இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால்தான் பாஸ் என்கிற அடித்தொனி வரும். ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப்போனால் ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும், கூம்பு இருந்த இடத்தை விட்டு அசையாது. அதற்காகத்தான் உலகம் சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் என்று வைத்திருக்கிறது. அவசரத்தில் என் கைக்குக் கிடைத்ததோ கொலுப்படிக்குக் கட்டும் சீரியல் பல்பின் மிச்ச ஒயர். அதில் இரண்டு இழையும் பச்சை.

முதல் நாள் சாயங்காலம் அடுத்த வீட்டு ரிட்டயர்டு ஆடிட்டரும் மாமியும் வந்தார்கள். பாஸ் காதால் கேட்கிற விஷயமில்லை, நெஞ்சில் உணர்கிற விஷயம் என்று ஒரு சின்ன பிரசங்கம் செய்துவிட்டு வீணைக் கச்சேரியைப் போட்டேன். சின்ன ஸ்பீக்கர்களில் வீணை வந்தது. மிருதங்கத்தில் கனத்த சத்தம் தருகிற தொப்பிப் பக்கம் மட்டும் வரவே இல்லை. எனக்கு வியர்த்தது.

ஆனால் கொலு பார்க்க வருகிறவர்கள் எதைக் காட்டினாலும் பாராட்டிவிட்டுத்தான் சுண்டலைத் தொடுவார்கள். மாமி நெஞ்சில் கை வைத்து, இங்கே இடிக்கிறது என்றாள். ஆடிட்டர் தனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறுகிறது என்றார். அவர்கள் போனதும் என் மனைவி பெட்டிக்கு ஒரு முழம் மல்லிகை சாற்றினாள். எனக்கு அழுகை வராத குறை.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு காயிலாக இணைத்தால் கூம்பு துள்ளியது. சேர்த்தால் ஊமை. ஒன்றின் ஒயரை மாற்றிப் போட்டதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆடிட்டர் மாமியோடு தன் சம்பந்தியையும் பாஸ் கேட்க அழைத்து வந்துவிட்டார். அதே கச்சேரியைப் போட்டேன். மிருதங்கத் தொப்பியில் அடி விழுந்தது. பெட்டிமேல் இருந்த சுண்டல் கிண்ணம் விளிம்பை நோக்கி நடந்தது. கொலுவில் செட்டியார் பொம்மை மெல்லத் திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டியது. மாமிக்குத் தலை சுற்றியது. ஆடிட்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார்.

"நேத்திக்கு இருந்த பாஸ் போயிடுத்தே. உள்ளே என்னமோ கேடாயிருக்கு, கேட்டோ."

சம்பந்தி என்னைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்த்தார்.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். இன்றைக்கு வந்ததுதான் பாஸ், நேற்று வந்தது ஒன்றுமே இல்லை என்று படம் போட்டு விளக்கினேன். மனைவி செட்டியாரைத் திருப்பி வைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ஒண்ணுமில்லாதது எல்லாருக்கும் பிடிச்சுதோல்லியோ? அதையே வச்சுடுங்கோ. இல்லேன்னா சொல்லுங்கோ, அரிசி ரெடியா இருக்கு."

ஒயரைப் பழையபடி மாற்றினேன். பெட்டி ஹாலிலேயே இருக்கிறது. உள்ளே இரண்டு காயில்களும் முழு பலத்தோடு ஒன்றையொன்று தடுத்துக்கொண்டிருக்கின்றன, ஆம்ப்ளிஃபயர் தோசைக்கல்லாகச் சுடுகிறது, வருகிறவர்கள் நெஞ்சில் கை வைக்கிறார்கள்.

போன வாரம் ஆடிட்டர் வந்து, தன் வீட்டுக்கும் ஒன்று செய்து தரவேண்டும், சத்தம் அச்சு அசல் இதே போல இருக்கவேண்டும் என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன். பச்சை ஒயர் இன்னும் மிச்சம் இருக்கிறது.